ஓரம் வளைந்த சிவப்புப் பெட்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் சொல்லிவிடுகிறேன்: இங்கே இவரும் நானும் சுகம், விடுதியில் மகளும் சுகம், இவருக்கு வழக்கம்போல முழங்கால் வலி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மருத்துவமனைக்காக நாங்கள் தயாரித்த இதய வால்வு அறுவைக் கையேட்டைக் கேட்டுப் பார்த்துக் குறை சொல் என்று உனக்கு அனுப்பியிருந்தேன். குறை சொல்லி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. தலைப்புகள் தலைப்புகளாக வரவில்லை என்று ஒரு பத்தி. கணினியில் உனக்கு எழுத்தை வாசித்துக் காட்டுகிற உன் மெஷின்காரன் பக்க எண்ணை வாக்கியத்தின் நடுவில் நுழைத்து வாசிக்கிறான் என்று இன்னொரு பத்தி. இரண்டுக்கும் இடையில், போகிற போக்கில், எனக்கு அடுத்த மாதம் இதய வால்வு அறுவை என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில் மறுபடியும் பக்க எண். ஏன் அண்ணா, யாராவது இப்படி எழுதுவார்களா? கையேட்டிலிருந்து நீ எடுத்துக் காட்டிய உதாரணம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த ‘எனக்கு’ கண்ணில் பட்டது. கையிலிருந்த டீ மேஜையெல்லாம் கொட்டிவிட்டது.

இதில் சமாதானம் வேறு. உன் கையேடுதான் இருக்கிறதே, ஆள் எதற்கு, யாரும் கிளம்பி வர வேண்டாம் என்கிறாய். நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு, நான் தயாரித்த கையேட்டை நம்பி நீ வீட்டில் தனியாகப் படுத்துக்கொள்ளப் போகிறாயா? அது என்ன லட்சணத்தில் தயாராகிறது என்று எனக்கல்லவா தெரியும்.

நீ சிரித்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன். நோயாளிகளுக்குக் கொடுக்கிற தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றி, கண் தெரியாதவர்களும் தங்கள் மெஷினில் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும். இந்தப் பிரிவுக்கு என்னை மாற்றியபோது சொன்ன வேலை இதுதான். நடப்பது வேறு. டாக்டர்கள் தாளை மேஜைமேல் வைத்துக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஒரு படத்தில் டாக்டரின் கட்டைவிரலும் சேர்ந்து வந்திருந்தது. இது வெறும் படம், மெஷினுக்கு இதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று சொன்னால், கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்று என்னையே கேட்கிறார்கள். நான் உட்கார்ந்து முழுவதையும் தட்டச்சு செய்கிறேன்.

இதற்கு மேல் எங்கள் பிரிவின் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் டிக் சார். கோப்புகளைச் சோதிக்க ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். கோப்பை அதில் போட்டால், கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டுப் பச்சை டிக் போடும். படத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அந்த விளக்கத்தில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்காது. டிக் சாருக்கு அந்தப் பச்சையைக் கண்டால் போதும், பசி தீர்ந்துவிடும்.

உனக்கு அனுப்பிய வால்வு கையேட்டில் ஓர் அட்டவணை வருகிறதே, எந்த வாரத்திலிருந்து எதைச் செய்யலாம் என்று, அதை நீ எப்படித்தான் கேட்டாயோ தெரியவில்லை. பக்கங்களை வடிவமைக்கிற அம்மாவை நாங்கள் ஓவியர் என்று கூப்பிடுவோம். கைவேலை சுத்தம், ரசனை அதிகம், எதையும் அழகாகத்தான் செய்வார். அட்டவணையை அட்டவணையாகப் போடாமல், சொற்களைத் துண்டு துண்டாக நகர்த்தி அழகாக அடுக்கி வைத்திருக்கிறார். திரையில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். உன் கடிதம் வந்த பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மூச்சுப் பயிற்சி பன்னிரண்டாம் வாரத்திலிருந்து, கார் ஓட்டுவது முதல் நாளிலிருந்து என்று வாசிக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத உனக்கு, அறுவை முடிந்த மறுநாளே காரை எடுத்துக்கொண்டு கிளம்ப அனுமதி கொடுத்திருக்கிறோம். மூச்சு மட்டும் பன்னிரண்டு வாரத்துக்கு விடக் கூடாது.

உடனே டிக் சாரிடம் போனேன். டிக் விழுந்துவிட்டது, இயக்குநர் வெளியிடத் தேதி கொடுத்துவிட்டார், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது சார் என்றேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டவணையைச் சரிசெய்யாமல் என் ஒப்புதலைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, விடுமுறை நாளில் நானே உட்கார்ந்து அதைப் புதிதாகப் போட்டேன். தலைப்புகளையும் பக்க எண்ணையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன். புதுக் கோப்பு இந்தக் கடிதத்தோடு வருகிறது. மறுபடியும் கேள். உன் மெஷின்காரனை நீ ஓடவிடுகிற வேகத்தில் எங்களுக்கெல்லாம் கொசு ரீங்காரம்தான் கேட்கும். இந்த ஒரு தடவையாவது அவனை மெதுவாகப் பேசச் சொல். கையேட்டுக்கு மட்டுமில்லை, என் கடிதத்துக்கும்.

எந்த மருத்துவமனை, என்றைக்கு அறுவை, அன்றைக்கு உன் கூட யார் இருக்கப் போகிறார்கள்? மூன்றுக்கும் பதில் வேண்டும். இவர் என்னை உடனே விடுப்புக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நீ வேண்டாம் என்றதைச் சொன்னேன், உங்க அண்ணனுக்கு அப்படித்தான் பேசத் தெரியும் என்றார். உனக்கு நல்ல புத்தி வரட்டும்.

கோபத்துடன்,
உன் தங்கை

* * *

அன்புத் தங்கை சில்வண்டுக்கு அண்ணனின் ஆசிகள்.

உன் கடிதத்தைக் கேட்டேன். மெதுவாகக் கேட்கச் சொன்னாய், அப்படியே கேட்டேன். மெதுவாகக் கேட்டாலும் திட்டு திட்டாகத்தான் இருக்கிறது.

அட்டவணை இப்போது ஒழுங்காக வருகிறது. கார் ஓட்டுகிற ஆசையை விட்டுவிட்டேன். மூச்சு விடலாம் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடிகிறது, பக்க எண் குறுக்கே வருவதில்லை. இருபது வருடமாக மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறவன், அவ்வளவு சுலபமாக யாரையும் பாராட்டிவிட மாட்டேன். நீ செய்திருப்பது நல்ல வேலை.

இங்கே மருத்துவமனையிலும் ஒரு காகிதக் கத்தையைக் கையில் கொடுத்தார்கள். எல்லாம் அதிலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். முகர்ந்து பார்த்தேன், மருந்து வாசனை வந்தது. அதற்கு மேல் அதிலிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. வகுப்பில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். ஆனால் என் மலச்சிக்கலைப் பற்றி என் மாணவன் உரக்க வாசிக்க, நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நாளைக்கு அவனுக்கே மதிப்பெண் போட வேண்டும். உன் அண்ணி இருந்தவரை எது வந்தாலும் அவள் வாசித்துவிடுவாள், எனக்குத் தேவையில்லாத விளம்பரம் உட்பட. இப்போது உன் கையேடுதான். அதை யாருடைய தயவும் இல்லாமல் நானே கேட்டுப் புரிந்துகொண்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, பக்கத்து வீட்டில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தேதியும் மருத்துவமனையும் தனிக் குறிப்பில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், தகவலுக்கு மட்டும்.

உன்னை ஏன் வர வேண்டாம் என்கிறேன் தெரியுமா? கோபித்துக்கொள்ளாமல் கேள். அண்ணி போன பிறகு வந்து என்னோடு இருந்தாய். எனக்கு அது எவ்வளவோ ஆறுதல். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் சமையலறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனாய். உயர டப்பாக்கள் பின்வரிசையில், குட்டை டப்பாக்கள் முன்வரிசையில், பார்க்க லட்சணமாக. மறுநாள் காலை காபியில் உப்பைப் போட்டுக் குடித்தேன். அது போகட்டும், துப்பிவிட்டு வேறு போட்டுக்கொண்டேன். ஆனால் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று அவள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். கையை நீட்டினால் அவள் வைத்த இடத்தில் அது இருக்கும். நான் திருப்பி அடுக்கப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை. அவளைக் கேட்கவும் முடியாது. நீ அன்பாகத்தான் செய்தாய், தெரியும். அறுவை முடிந்து வந்து படுத்திருக்கும்போது, அந்த அன்பை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பு இருக்காது.

கடைசியாக ஒன்று. வரலாறு சொல்லிக் கொடுக்கிறவன் ஆதாரம் இல்லாமல் பேச மாட்டேன். உன் கையேட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். புண்ணைப் பார்த்துக்கொள், நட, எடை தூக்காதே, காய்ச்சல் வந்தால் கூப்பிடு. ஆள் கூடவே இருக்க வேண்டும் என்று எந்த இடத்திலும் இல்லை. நடுவில் ‘ஓரம் வளைந்த அழகான சிவப்புப் பெட்டி’ என்று ஒன்றை மெஷின்காரன் சொன்னான். பார்க்கிறவர்களுக்கு ஓர் அலங்காரம் வேண்டாமா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாண்டிவிட்டேன். ஆக, உங்கள் மருத்துவமனையே விதிக்காத ஒன்றை நீ எனக்கு விதிக்க முடியாது. வாதம் முடிந்தது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். முழங்காலை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

உன் நலம் நாடும்
அண்ணன்

* * *

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாதம் முடியவில்லை. உன் கடிதத்தில் சிவப்புப் பெட்டி என்ற இடத்தைப் படித்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டேன். உடனே கோப்பைத் திறந்து பார்த்தேன். நீ ஆதாரம் கேட்டாய் அல்லவா, இதோ தட்டச்சு செய்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது இதுதான்: ‘அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு வாரங்கள் நோயாளி வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. இரவும் பகலும் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.’

கையேட்டிலேயே முக்கியமான வரி அதுதான். அதற்காகத்தான் சிவப்பில் கட்டம் கட்டினார்கள். கண் இருக்கிறவர்கள் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் ஓவியர் அதை எழுத்தாக விடாமல், அழகுக்காகப் படமாக்கி ஒட்டியிருக்கிறார். மெஷின்காரனுக்குக் கிடைத்தது அந்தப் படத்துக்கு அவர் எழுதிய விளக்கம் மட்டும்தான். நான் எத்தனையோ தடவை அதைக் கண்ணால் பார்த்தேன், படித்தேன், தாண்டிப் போனேன். மெஷினில் கேட்டபோது அட்டவணையோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை நீதான் கேட்பாயே என்று விட்டுவிட்டேன். நீயோ அலங்காரம் என்று அதைத் தாண்டியிருக்கிறாய்.

கோப்பை எடுத்துக்கொண்டு ஓவியரிடம் போனேன். படத்துக்கு இப்படியா விளக்கம் எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை. “நீங்கதானே சொன்னீங்க, படத்துல என்ன தெரியுதோ அதை எழுதுங்கன்னு. சிவப்புப் பெட்டிதானே தெரியுது? ஓரம் வளைஞ்சிருக்கு, அதையும் எழுதினேன்” என்றார். ஆமாம், பயிற்சி வகுப்பில் நான்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிக் கொடுத்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது இன்னொன்று. அவரைத் திட்டுவதா, என் தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு என் ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டேன். கையேடு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எல்லாத்துலயும் இப்படித்தான் போட்டிருக்கேன்” என்றார்.

எல்லாத்திலும் என்றால் எல்லாக் கையேட்டிலும். பிரசவத்துக்குப் பச்சைப் பெட்டி, சிறுநீரகத்துக்கு மஞ்சள் பெட்டி. கண் அறுவைக் கையேட்டில் நீலப் பெட்டி, அண்ணா! கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறவனுக்கு, கட்டைக் கையால் தொடாதே என்கிற எச்சரிக்கையை நீலப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அத்தனைக்கும் பச்சை டிக்.

வால்வு கையேடு அதற்குள் வெளியாகிவிட்டது. இயக்குநர் பொத்தானை அழுத்தி, எல்லோரும் கைதட்டி, புகைப்படம் எடுத்து எல்லாம் முடிந்துவிட்டது. அதைத் திரும்ப எடுக்கச் சொல்லி டிக் சாரிடம் சண்டை போட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். உன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் அழுதுவிடுவேனோ என்றும் பயந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாற்றினால் டிக் போய்விடுமா? போகாது சார் என்றேன். அப்படியானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். இவ்வளவுதான். ஒத்திகை பார்த்த சண்டையெல்லாம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது, அதில் பாதியைத்தான் இப்போது உன்னிடம் கொட்டுகிறேன். ஓவியரும் நானும் சேர்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து உள்ளே இருப்பதை எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறோம். முதலில் சரிசெய்தது உன்னுடையதைத்தான். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். இப்போது அந்த வரி கையேட்டின் தொடக்கத்திலேயே வரும்.

நீ ஆள் வேண்டாம் என்று முடிவு செய்தது அரைகுறைக் கையேட்டைக் கேட்டுவிட்டு. அது உன் குற்றமில்லை. யார் தயவும் இல்லாமல் நீயே புரிந்துகொண்டதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. நாங்கள் மறைத்து வைத்ததை நீ எப்படிப் புரிந்துகொள்ள முடியும்? முழுவதையும் கேள். கேட்டுவிட்டு நீயே முடிவு செய். டாக்டரிடம் பக்கத்து வீட்டு ஆட்களைக் கணக்கில் சேர்த்துச் சொன்னதை மட்டும் போய் மாற்றிச் சொல்லிவிடு. மாணவர்கள் இப்படி எழுதினால் விடுவாயா நீ?

சமையலறை விஷயத்தில் நான் வாயைத் திறக்க முடியாது. கண்ணுக்கு லட்சணமாகத்தான் அடுக்கினேன், அது யாருடைய கண்ணுக்கு என்று யோசிக்கவில்லை. ஓவியரைத் திட்டிக்கொண்டிருந்தபோதே அது எனக்கு உறைத்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று தப்பு. அண்ணி எதை எங்கே வைத்திருந்தாள் என்று கேட்க ஆளே இல்லாத மாதிரி எழுதியிருக்கிறாய். கலைப்பதற்கு முன்னால் அந்த அலமாரியை ஒவ்வொன்றாகப் பார்த்து இறக்கியவள் நான். எனக்கு நினைவிருக்கிறது. சர்க்கரை ஜன்னல் பக்கம் இருந்தது, உப்பு அதற்கு எதிர்மூலையில். காபித்தூள் டப்பாவின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தாள், எதற்கு இந்த அசிங்கம் என்று நான்தான் கழற்றினேன். நீ தடவிப் பார்த்தால் தெரிய வேண்டும் என்று போட்டிருக்கிறாள், பாவி எனக்கு அது தெரியவில்லை. உன் மாத்திரைகளுக்கு ஒரு தட்டு வைத்திருந்தாள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும். இவற்றையெல்லாம் இங்கிருந்து எழுதி அனுப்ப முடியாது. அங்கே நின்று, என் கையால் எடுத்து, உன் கையில் கொடுத்து, சரியான இடமா என்று உன்னைக் கேட்டுத்தான் வைக்க முடியும்.

பயமாக இருக்கிறது, அண்ணா. உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பயம் கொஞ்சம் அடங்குகிறது, அதனால்தான் நிறுத்தாமல் திட்டுகிறேன். இவரிடம் சொன்னால், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்கிறார். சொல்லிவிட்டு மனுஷன் தானே எழுந்துபோய் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார், அந்த முழங்காலோடு. உனக்கும் பயமாகத்தான் இருக்கும். நீ சொல்ல மாட்டாய், தெரியும்.

அறுவை நல்லபடியாக முடிய வேண்டும். உன் இதயம் இன்னும் நெடுங்காலம் என் தொணதொணப்பைத் தாங்க வேண்டும். வேறு வேண்டுதல் எதுவும் எனக்கு இப்போது இல்லை. எல்லாவற்றையும் அண்ணி வைத்த இடத்திலேயே வைத்துக் கொடுக்கிறேன். என்னை வரச் சொல், அண்ணா.

உன் தங்கை